மூன்றாவது விளக்கு

மரக்காணத்தில் ஒரு உப்பு வியாபாரியின் ஆபீஸில் ஆறு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் உப்புப் பாத்தி, மூடினாலும் மேஜையெல்லாம் உப்பு. எடைமேடையில் ஒன்று, கணக்கரிடம் ஒன்று, ஓனர் அறையில் ஒன்று, என்னிடம் ஒன்று என்று நாலு கம்ப்யூட்டர். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர். எல்லாக் கம்பியும் சுவரோரம் கிடந்த ஒரு பழைய ஹப்பில் போய்ச் சேரும். லாரியின் எடை என் திரைக்கு வந்து சேர்வதற்குள் டிரைவர் டீ குடித்துவிட்டே வந்து நிற்பார். திட்டு மட்டும் உடனே வரும், அதுவும் எனக்கு.

ஹப் என்பது எங்கள் பங்குக் கோயில் மைக் மாதிரி. ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை ஊருக்கே சொல்லும். எடைமேடை எனக்கு அனுப்பும் எண் கணக்கருக்கும் போகும், பிரிண்டருக்கும் போகும். தனக்கானது இல்லை என்று பார்த்து அவை தள்ளிவிட வேண்டும். இரண்டு மெஷின் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டும் மோதிக் கெட்டுப்போகும். இரண்டும் நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். சீசன் நேரத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்தக் கூத்துதான்.

பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன் ஒருவன் புதுச்சேரியில் நெட்வொர்க் வேலை செய்துகொண்டிருந்தான். மூன்று வருஷம் ஒரே பஸ்ஸில் திண்டிவனம் போய் வந்தோம். என் டிபன் பாக்ஸில் பாதி அவன் வயிற்றுக்குத்தான் போனது. ஓனரிடம் சொல்லி நான்தான் அவனை வரவழைத்தேன். கோட்டக்குப்பம் தாண்டி பைக்கில் வந்தவன், அரை நாளில் ஹப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு கம்பி செருக எட்டு வாசல் வைத்த, ஸ்விட்ச் என்கிற பெட்டியை மாட்டினான்.

அதன் சாமர்த்தியம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஒவ்வொரு மெஷினுக்கும் பிறக்கும்போதே ஒரு முகவரி உண்டு. ஒரு மெஷின் வாயைத் திறந்ததுமே, அந்த முகவரி எந்தக் கம்பியில் இருக்கிறது என்று ஸ்விட்ச் குறித்துக்கொள்ளும். அப்புறம் அந்த முகவரிக்கு எது வந்தாலும் அந்த ஒரு கம்பியில் மட்டும் விடும். தெரியாத முகவரி என்றால்தான் எல்லா வாசலிலும் கேட்கும். பதில் வந்ததும் அதையும் குறித்துக்கொள்ளும். எடைமேடை என்னோடு பேசும்போதே கணக்கர் பிரிண்டரோடு பேசலாம், மோதல் கிடையாது. மறுநாள் லாரி மேடையில் ஏறி நின்றதும் எண் என் திரையில் இருந்தது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“இனிமே நீ யாருக்கு அனுப்புறியோ அவங்களுக்கு மட்டுந்தான் போவும்” என்றான்.

போவதற்கு முன் அதை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை ஓனரிடம் கொடுத்தான். உப்புக் காற்று பட்டால் முனையெல்லாம் பச்சை பிடித்துவிடும், திறக்கவே கூடாது என்றான். எங்கள் ஊரில் உப்புக் காற்று என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டோம். ஜன்னல் கம்பியையும் சைக்கிள் செயினையும் அதற்குத் தின்னக் கொடுத்தவர்கள் நாங்கள். நானும் தலையாட்டினேன்.

உப்பைப் பாக்கெட் போடும் ஷெட்டில் பதினொரு பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்குக் கழிப்பறை கிடையாது. கருவேலம் புதருக்குப் பின்னால் போக வேண்டும். லாரி நின்றால் அதுவும் முடியாது. மத்தியானம் அவர்களோடு உட்கார்ந்துதான் நான் சாப்பிடுவேன். அவர்களில் மூத்தவரை அக்கா என்று கூப்பிடுவேன். விழுப்புரத்தில் அதிகாரிக்கு மனு கொடுக்கலாம், நீ எழுதித் தா என்று அக்கா கேட்டார். ஒரு சனிக்கிழமை, அவர் சொல்லச் சொல்ல மனதில் வாங்கிக்கொண்டு வந்து என் கம்ப்யூட்டரில் அடித்து, ஒரே ஒரு காப்பி எடுத்தேன். அது பிரிண்டரைவிட்டு வரும்வரை அங்கேயே நின்று, மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை காலை ஓனர் எனக்கு முன்னாலேயே ஷெட்டுக்கு வந்துவிட்டிருந்தார். மனுவின் மூன்றாவது வரியை அப்படியே சொல்லிக் காட்டினாராம். கையெழுத்துக்காக மனுவின் கீழே நான் அடித்திருந்த பட்டியலில் முதல் பெயர் அக்காவுடையது. அவரை மட்டும் இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

“அதுல எழுதினது எனக்கும் உனக்கும்தான் தெரியும். நான் சொல்லல” என்றார்.

அன்று மத்தியானம் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மறுநாள் நானே ஆபீஸுக்குள் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். ஓனர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, முன்னைவிட மரியாதையாக வேறு பேசினார். அதைப் பார்த்த பெண்களுக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோனது. நான் கணக்கரைச் சந்தேகப்பட்டேன், பாவம் அந்த மனிதர். கூடப் படித்தவனுக்குப் போன் செய்து அழுதேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பேப்பரை எங்கேயாவது வைத்துவிட்டு மறந்திருப்பாய், உனக்குத்தான் ஞாபகமில்லை என்றான். அதையும் நம்பி, எங்கே வைத்தேன், எங்கே வைத்தேன் என்று மூன்று மாதம் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. நான் கிறிஸ்தவள் என்றாலும் ஆபீஸ் சாமான்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது வருஷா வருஷம் என் வேலை. ஒரு சாமானையும் விடக்கூடாது என்று சொல்லி, ஓனரே சாவிக்கொத்தை என் மேஜையில் போட்டுவிட்டு எடைமேடைக்குப் பூசணிக்காய் உடைக்கப் போனார். அவருடைய பக்தி அவரைக் காட்டிக்கொடுத்தது. தகரப் பெட்டியைத் திறந்தேன்.

கணக்கர் பூஜைக்கு ஒட்டச் சொல்லியிருந்த படங்கள் அப்போதுதான் என் மெஷினிலிருந்து பிரிண்டருக்குப் போய்க்கொண்டிருந்தன. என் வாசலின் விளக்கு படபடவென்று சிமிட்டியது, பிரிண்டரின் விளக்கும் சிமிட்டியது. கூடவே, ஆளில்லாத ஓனர் அறைக்குப் போகும் வாசலின் விளக்கும். எல்லோருக்குமான பொதுச் செய்தி என்றால் எல்லா விளக்கும் ஒரு தரம் சிமிட்டி நின்றுவிடும்; இது அப்படி இல்லை. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது, மறுபடி அனுப்பினால் அதுவும் ஆரம்பித்தது. என் கம்பியைப் பிடுங்கினேன். அது அடங்கிப்போனது. என்னுடையது எல்லாவற்றிலும் ஒரு காப்பியை ஓனருக்கு அனுப்பும்படி ஸ்விட்ச்சுக்கே சொல்லிவைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லத் தெரிந்தவன் ஒருத்தன்தான். குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவனுக்குப் போன் செய்தேன்.

அவன் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஓனர் கேட்டார், அதைப் பிரித்துப் படிக்க அவர் மெஷினில் ஒரு புரோகிராமும் போட்டுக் கொடுத்தேன், எல்லாக் கம்பெனியிலும் கேட்கிறார்கள், நான் மாட்டேன் என்றால் வேறொருத்தன் வந்து செய்துவிட்டுப் போவான் என்று சாதாரணமாகச் சொன்னான்.

“நான் அழுதப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

“அப்ப எப்பிடிச் சொல்றது? உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொல்லல.”

என் கஷ்டத்தைப் பார்த்துத்தான் சொல்லவில்லையாம். எத்தனை நாள் அவனுக்கு என் சாப்பாட்டைக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தேன். அன்றைக்கே வேலையை விட்டேன்.

அக்கா அப்போது பிரம்மதேசத்தில் நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வரப்பில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்விட்ச், காப்பி, விளக்கு, எதையும் விடவில்லை. அவர் சேற்றில் நின்றபடியே கேட்டார். அவர் முகம் கொஞ்சம் இளகியது. என்மேல் பழி போய்விட்டது என்று நினைத்தேன்.

“அவன ஆபீசுக்குக் கூட்டியாந்தது யாரு?” என்றார்.

“நான்தாங்க்கா.”

“நாங்க பேசுறத எல்லாம் அவனாண்ட சொல்லுவியா?”

மனு எழுதப்போகிறேன் என்று, அக்கா கேட்ட அந்த வாரமே அவனிடம் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அதுவரை அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. சொல்லியிருக்கிறேன் என்றேன்.

“அப்ப நாங்க நெனச்சது பாதி சரிதாம்மா” என்று சொல்லிவிட்டு, அக்கா குனிந்து அடுத்த நாற்றை நட்டார்.