நாலு மடங்கு போதும்

துபாய் தேராவில், கிரீக் என்னும் கடற்கழியின் ஓரமாகச் செய்கு முகம்மதுவின் கடை. கைக்கடிகாரம், பைனாகுலர், வேட்டைத் துப்பாக்கிக்கு மாட்டும் ஸ்கோப் எல்லாம் அங்கே கிடைக்கும். ஸ்கோப் விற்பது கார்மேகத்தின் வேலை. சாத்தூர்ப் பக்கத்து ஆள், வயது முப்பத்திரண்டு. துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு ஸ்கோப்பையும் மொட்டைமாடிக்கு எடுத்துப்போய் அக்கரையை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பான். அந்த வட்டத்துக்குள் ஒருவன் வலை பின்னுவான், ஒருவன் யாரிடமோ கையை ஆட்டிச் சிரிப்பான். சத்தம் மட்டும் வராது. தண்ணீருக்கு அடியில் நடக்கும் ஊரைப் பார்ப்பதுபோல இருக்கும். நேரம் போவதே தெரியாது.

எழுபத்து நாலாம் வருஷம் அக்டோபரில் ஹமத் வந்தான். பாலைவனத்து ஆள், கார்மேகத்தின் வயதுதான் இருக்கும்.

"தூரத்து மானைச் சுட வேண்டும். இருப்பதிலேயே பெரியது எது?"

செய்கு முகம்மது பன்னிரண்டு மடங்கு காட்டும் ஸ்கோப்பை எடுத்து வைத்தார்.

"மொதலாளி, மேலே கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வந்துர்றேன்" என்றான் கார்மேகம்.

உச்சி வெயில். பன்னிரண்டில் பார்த்தபோது அக்கரைப் பாய்மரம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. ஆனால் கானல் அலையில் பாம்புபோல நெளிந்தது. நாலு மடங்கு ஸ்கோப்பில் மரம் சின்னதாக, அசையாமல் நின்றது.

"இதில் சின்னதாகத் தெரிகிறதே" என்றான் ஹமத்.

"சின்னதுதான். ஆனா நிக்குது."

கார்மேகத்தின் அரபியும் ஹமத்தின் இந்தியும் சேர்ந்து ஒரு பேச்சாகிவிட்டிருந்தது. ஹமத் தலையை ஆட்டினான். "என் தம்பி ஆறு மடங்கு வைத்திருக்கிறான். நான் நாலோடு போனால் கூடாரமே சிரிக்கும். மாஃபி, வேண்டாம்!" பன்னிரண்டையே வாங்கிக்கொண்டு போனான்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தான். வலது புருவத்தில் பிளாஸ்திரி.

"கண்ணை ஒட்டி வைத்தால்தான் தெரிகிறது. சுட்டால் துப்பாக்கி உதைத்து, ஸ்கோப் புருவத்தில் குத்துகிறது. அந்தச் சின்ன வட்டத்துக்குள் மானைத் தேடிப் பிடிப்பதற்குள் மான் ஓமானுக்குப் போய்விடுகிறது!"

கார்மேகத்துக்குச் சிரிப்பு வந்தது. புருவத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"நீ சொன்னதைக் கொடு. வெள்ளிக்கிழமை நீயும் வா."

பாலைவன மணலில் ஒரு தகர டப்பாவை வைத்து, ஹமத் மூன்று குண்டு சுட்டு ஸ்கோப்பின் குறியைச் சரிசெய்தான். பிறகு இருவரும் ஒரு மேட்டின் மேல் குப்புறப் படுத்தார்கள். கார்மேகத்தின் கையில் ஒரு பைனாகுலர். வெயில் ஏற ஏறத் தரையில் குளம் குளமாகக் கானல் தேங்கியது. அதன் மேல் நாலு மான்கள், கால் தரையில் படாமல் மிதந்து வந்தன. ஒன்று நின்று, காதை மட்டும் திருப்பியது. அது எதைக் கேட்கிறது என்று யோசித்தபடியே கார்மேகம் கிடந்தான். கண் விழித்தபடி தூங்கினானோ என்னவோ.

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஹமத் இல்லை. மணலோடு மணலாக முன்னே ஊர்ந்து போய்க்கொண்டிருந்தான். நாலு மடங்கில் மான் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் கிட்டே போகத்தான் வேண்டும். ஒரு மணி நேரம் ஊர்ந்தான்.

பிறகு துப்பாக்கி வெடித்தது. சத்தமே நுழையாத அந்த வட்டத்துக்குள் முதல்முறையாகச் சத்தம் நுழைந்தது. ஒரு மான் மடங்கி விழுந்தது. மற்ற மூன்றும் கானல் நீருக்குள் ஓடிக் கரைந்தன. கார்மேகம் பைனாகுலரை இறக்கினான். ஹமத்தின் துப்பாக்கியில் இருந்தது அவனே எடுத்துக் கொடுத்த கண்ணாடி.

ஹமத் திரும்பி வந்து துப்பாக்கியை நீட்டினான். "நீயும் ஒன்று சுடுகிறாயா?"

"வேணாம் பாய். பாக்கிறது போதும்."

ஹமத் வற்புறுத்தவில்லை. அன்று கூடாரத்தில் சோற்றின் மேல் கறியை வைத்து, நல்ல துண்டாகப் பார்த்து அவன் பக்கம் தள்ளினான். கார்மேகம் தயங்கிவிட்டுச் சாப்பிட்டான். ருசியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் அதே கடையில் ஸ்கோப் விற்றான். எவ்வளவு தூரம் சுட வேண்டும் என்று யாரையும் கேட்டதில்லை. "எவ்வளவு கிட்டே போவீங்க?" என்றுதான் கேட்பான். சிலர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். சிலர் யோசித்தார்கள்.