அப்பா கையில் இருந்த ரிமோட்

பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போனபின் அப்பாவுக்கு மிஞ்சியது இடது கைதான். கழிவறைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அவரைப் பின்னறைக்கு மாற்றினோம். கூடத்து டிவியை விட்டுத் தள்ளிப்போனதில் அவர் முகம் சுண்டிப்போனது.

வயர் இழுக்கலாம் என்றால் சுவரைத் துளைக்க வேண்டும். ஒதியம்பட்டில் எங்கள் தெருவிலேயே முதலில் சுவருக்கு டைல்ஸ் ஒட்டிய வீடு எங்களுடையது. அதில் ஓட்டை போட எனக்கு மனசு வரவில்லை. அந்த வறட்டு கௌரவத்துக்காகவே மூலக்குளத்துக் கடையில் வயர் இல்லாமல் படம் அனுப்பும் ஜோடிப் பெட்டியை வாங்கிவந்தேன். ஒன்றைக் கூடத்து செட்டாப் பாக்ஸோடு சேர்த்தேன், அது அனுப்பும். இன்னொன்றைப் பின்னறையில் வைத்த பழைய டிவியோடு சேர்த்தேன், அது வாங்கிக்கொள்ளும்.

சொல்வதற்குச் சுலபம். படம் வந்தால் சத்தம் வராது, சத்தம் வந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். நான் கூடத்தில் பெட்டியைத் திருப்பத் திருப்ப, அம்மா பின்னறையிலிருந்து, "வர்து... வர்து... போச்சிடா!" என்று கத்துவாள். கடைசியில் குறுக்கே நின்ற இரும்பு பீரோதான் வில்லன் என்று தெரிந்தது. அதை நகர்த்தியதும் படம் பளிச்சென்று வந்தது.

பின்னறைப் பெட்டியின் முகப்பில் கறுப்புக் கண்ணாடியாக ஒரு சின்னக் கண் உண்டு. அப்பா படுத்தபடி, அவருக்கென்று வாங்கிய தனி ரிமோட்டை அதற்கு நேராக அழுத்தினால் கூடத்து செட்டாப் பாக்ஸில் சேனல் மாறும். செட்டாப் பாக்ஸ் ஒன்றே என்பதால் இரண்டு டிவியிலும் ஒரே படம்தான். இந்தச் சங்கதியை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் சீரியலில் மருமகள் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துப் பழைய பாட்டுக்கு மாற்றிவிடுவார். வாய் போன மனிதர் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தது இப்படித்தான். "யோவ், வாய்தான் போச்சின்னு பாத்தா, கை சும்மா இருக்குதா உனுக்கு?" என்று அவள் கூடத்திலிருந்தே கத்துவாள். அப்பா தோள் குலுங்கச் சிரிப்பார்.

ஆயுத பூசை வந்தது. அம்மா எதையும் விட்டுவைக்கிற ஆளில்லை. மிக்சி, கிரைண்டர், பைக், என் லேப்டாப் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள். அப்பாவின் பெட்டிக்கும் நடு நெற்றி பார்த்து வைத்தாள்.

அதன்பிறகு அப்பா சேனல் மாற்றவில்லை. படம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் பெட்டியில் கோளாறு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் ரிமோட்டைக் கட்டில் சட்டத்தில் தட்டினார், என்னைப் பார்த்து ஏதோ குழறினார். நான் பேட்டரியை மாற்றி அவர் கையில் திணித்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று வண்டியை எடுத்தேன். ஒரு தடவை அழுத்திப் பார்க்கக்கூட இல்லை. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கொஞ்ச நாளில் அவர் தட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

"இப்பல்லாம் அவரு மாத்தறதே இல்லடா" என்றாள் அம்மா. சீரியல் தடையில்லாமல் ஓடியதில் அவளுக்குத் துளியும் சந்தோஷமில்லை. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போனோம். கையில் நல்ல வலு இருக்கிறது என்றார் டாக்டர்.

"அப்ப மனசுதான் வுட்டுப்போச்சி" என்று அம்மா முடிவுகட்டினாள். நானும் அதை நம்பினேன்.

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, பின்னறைப் பெட்டியைத் துடைக்க எடுத்தேன். காய்ந்த சந்தனம் அந்தக் கண்ணை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்து, பெட்டியை இருந்த இடத்தில் வைத்தேன். ரிமோட்டை அப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்தாரே தவிர அழுத்தவில்லை. அவருடைய கட்டைவிரல் மேல் என் விரலை வைத்து நானே அழுத்தினேன். சேனல் மாறியது.

"பொட்டிலதாம்பா கோளாறு, உன் கையில ஒண்ணுமில்ல" என்றேன். அப்பா டிவியைப் பார்க்கவில்லை, தன் விரல் மேல் இருந்த என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்து டிவியில் படம் மாறியதைப் பார்த்துவிட்டு அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"நீயா மாத்துன? யோவ், நீயா மாத்துன?"

அப்பா மெல்லக் கையைத் தூக்கி, என்னைக் காட்டினார்.