மெஷின் கேட்ட கேள்வி

தருமபுரியில் ஒரு கிரானைட் கம்பெனியில் நான் எடுபிடி வேலை பார்த்தபோது, கம்ப்யூட்டர் அறையில் ஒரு பெண் இருந்தாள். ஒல்லியான உடம்பு, முகத்தை மறைக்கும் பெரிய கண்ணாடி. எதையாவது அழிக்கப் போனால் மெஷின் இங்கிலீஷில் "நிச்சயமா?" என்று கேட்குமாம். அவள் "ஆமாங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவாள்.

ஆயுத பூஜையன்று முதலாளி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். அவள் மாதக்கணக்கில் தட்டிச் சேர்த்த வேலை முழுவதும் பதிந்திருந்த பிளாப்பித் தகட்டுக்கும், அதன் உறையின் திறப்பில் பளபளத்த இடமாகப் பார்த்து வைத்துவிட்டார்.

விடுமுறை முடிந்து வந்தவள் அதைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள். மெஷின் படிக்கவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள எடுக்கலீன்னா நாளைக்கு வர வேணாம்மா. கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணாம்!" என்றார் முதலாளி. பொட்டு வைத்தவரிடமே பொட்டைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

நான் தண்ணீர் கொண்டுபோனபோது ஒரே எழுத்தை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா கேக்குது?"

"விட்றலாமா, மறுபடி பாக்கட்டுமான்னு கேக்குதுங்கண்ணா. மறுபடி பாருங்க, மறுபடி பாருங்கன்னு சொல்லிட்டே இருக்கேன்."

"விட்றலாம்னு சொன்னா?"

"எல்லாம் போச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரிங்கண்ணா." அவள் மறுபடி அதே எழுத்தை அமுக்கினாள்.

இருட்டியதும் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

"அந்தச் சுவிட்ச அணைச்சுட்டு வாய்யா" என்றார் முதலாளி. திரையில் கேள்வி அப்படியே நின்றது. அணைத்தால், அவள் சொல்ல மறுத்த பதிலை நான் சொன்னதாகிவிடுமோ என்று சுவிட்சில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன்.