தவமணி அக்கா முன்னால் அனுப்பிய பை

திங்கட்கிழமை காலை, புளிக்காய்ச்சலை ஆறவைத்துப் பாட்டிலில் நிரப்பிக்கொண்டிருந்தபோது ரமணன் சிட்னியிலிருந்து கூப்பிட்டான். தவமணி அக்காவின் ஒரே மகன், ஹோம்புஷில் இருக்கிறான். அவனாக என்னைக் கூப்பிடுவது அபூர்வம். அம்மா போன் எடுக்கவில்லை, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டான். அடுத்த தெருதான். அவர் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் என் பூஜை அலமாரியில் இருக்கும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே போனேன். அதனால் அக்கா போன செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே கதவைத் திறந்து தெரிந்துகொண்டேன். பிறகு நான்தான் மற்றவர்களுக்குச் சொன்னேன்.

முன்னறையில் திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியிலே பேட்டரிக் கைவிளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. காலில் வடக்குப் பயணத்துக்கென்று வாங்கிய தடித்த சப்பாத்து, கயிறு இறுக்கிக் கட்டியபடி. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து வரக் காத்திருப்பவர் போல இருந்தார். சப்பாத்து காலைக் கடிக்காமல் பழக வேண்டுமென்று தினமும் அதைப் போட்டு வீட்டுக்குள் நடப்பார். அது எனக்குத் தெரியும். இதயம் நின்றுவிட்டது என்று ஆம்புலன்ஸில் வந்தவர்களும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அந்தக் கயிற்று முடிச்சை என்னால் பார்க்க முடியவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் இங்கே மெல்பர்னில், பொயிண்ட் குக் வெள்ளிக்கிழமைப் பஜனையில் அவரோடு உட்கார்ந்தவர்கள். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்திருப்பாரே, அவர்தான். முன்னால் வாங்க அக்கா என்றால் "எனக்குக் கதவு தெரியவேணும், பிள்ளை" என்பார். முதியோர் இல்லத்தில் பல வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவரைப் போர்க்காலத்தில் இலங்கையின் வன்னியிலேயே இழந்து, சின்ன மகனோடு இந்த நாட்டுக்கு வந்தவர். அதற்கு மேல் அவர் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் வடக்கே போகலாம் என்று ஆரம்பித்தது அவர்தான். அதுவரை நாங்கள் காரில் போன பெரிய தூரம் சிட்னிக் கோயில் கும்பாபிஷேகம். எனக்கு எதையும் எழுதிக் கூட்டிப் பார்த்தால்தான் நிம்மதி. பள்ளியில் படித்தது கொஞ்சம். மீதியை நூலகத்தில் உட்கார்ந்து நானாகத்தான் படித்துக்கொண்டேன். அதே நூலகத்திலிருந்து வரைபடம் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அடிலெய்ட் வரை ஒரு கோடு. அங்கிருந்து நேரே மேலே, செம்மண் பாலைவனத்தின் நடுவே, முதலைகள் உள்ள ஆறுகள் வரை இன்னொரு கோடு. ஒரு பெட்ரோல் நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்று குறித்துக்கொண்டே போனேன். என் வீட்டுக்காரர் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஊறுகாய் நமக்கா, முதலைக்கா?" என்றார். அக்கா, "முதலைக்கு நீங்கள் இருக்கிறியள்தானே தம்பி, தொட்டுக்கொள்ள வேணும்" என்றார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிரித்தார்.

அந்த மேசையில்தான் ஒரு நாள், ஏன் இந்த ஆசை என்று கேட்டேன். வரைபடத்தின் பச்சைப் பகுதியில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "காடு எண்டால் எனக்கு ஓடி ஒளிச்ச இடம், பிள்ளை. பாக்கப் போன இடமில்லை. ஒருக்காலாவது தேத்தண்ணிப் போத்திலோட காட்டுக்குப் போகோணும்."

பயணத்துக்கு நான் சாப்பாடு தயார் செய்தேன். அவர் காதைத் தயார் செய்தார். மத்தியான வேளையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, திரைச்சீலைகளை மூடிவிட்டு, கணினியில் வடக்குக் காட்டின் சத்தங்களைப் போடுவார். நாய் குரைப்பது போல ஓர் ஆந்தை. கதவு கிறீச்சிடுவது போல ஒரு தவளை. பிறகு ஒருநாள், இருட்டு அறையில், ஒரு பெண் அழும் சத்தம். முதலில் விம்மல், அது மெல்ல மெல்ல ஏறி, நெஞ்சிலே அடித்துக்கொண்டு ஓலமிடுவது போலப் போய், சட்டென்று நின்றது. நான் முருகா என்று கத்திவிட்டேன். அக்கா அசையவில்லை. "முருகன் வருவார். வரமுதல் இது என்ன குருவி எண்டு சொல்லு" என்றார்.

அந்தப் பறவைக்கு இங்கே கர்லூ என்று பெயர். நீண்ட காலும் பெரிய கண்ணும் உள்ளது, தரையிலேயே நிற்கும், பொழுது சாய்ந்தால் அப்படி அழும். மெல்பர்ன் பக்கம் இப்போது இல்லை, வடக்கே நிறைய உண்டு என்றார். மற்றச் சத்தங்களை ஒருமுறை போட்டுவிட்டு விட்டார். இதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா வந்து கதவைத் தட்டி, இங்கே யாருக்காவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். நானும் எழுந்து போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன். எழவில்லை. அந்த இருட்டில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பயந்த முகமாக இல்லை. ஒரு சாமானைக் கடையில் தட்டிப் பார்த்து, இதுதானா என்று சோதிக்கிற முகம்.

வண்டி எங்களுக்குப் புதன்கிழமையிலிருந்துதான் கிடைத்தது. படுக்கையும் அடுப்பும் உள்ள வாடகை வேன். புதன்கிழமை வடக்கே சூலம். முதல் பயணத்தை நான் எப்படிச் சூலத்தின் முகத்தில் தொடங்குவது? அதற்குத் தமிழ்நாட்டில் எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு, பரஸ்தானம் என்பார்கள். போகிற நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணப் பையைப் போகும் திசையில் உள்ள வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. அந்தப் பை பிறகு வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். எங்களுக்கு வடக்கே டார்னீட்டில், பஜனைக்கு வரும் செல்வி வீடு இருந்தது. சனிக்கிழமை மூவர் பைகளையும் அங்கே கொண்டுபோய் உள்ளறையில் வைத்தோம்.

அக்காவுக்கு இது புதிது. "அப்ப நான் போன மாதிரியோ?" என்று கேட்டார். ஆமாக்கா, பயணம் தொடங்கிருச்சு என்றேன். தன் பையை ஒருமுறை தடவிவிட்டு, "நல்லது. இனி நீங்கள் என்னை விட்டிட்டுப் போகேலாது" என்றார். செல்வி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தோம். திங்கட்கிழமை நான் அந்தக் கதவைத் திறந்தேன்.

நான் தினமும் விளக்கேற்றுகிறவள். நல்ல நேரம் பார்த்து ஒருவரை வழியனுப்பிவைத்தது நான்தானே. எந்த வழிக்கு அனுப்பினேன்? செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த எண்ணம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்குத் தேநீர் போட்டேன், சிட்னியிலிருந்து வந்துவிட்ட ரமணனைச் சாப்பிட வைத்தேன். அந்த எண்ணம் போகவில்லை. பொழுது சாயும் நேரத்தில் செல்வி கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த ரூம்ல யாரோ அழுறாங்க."

சனியும் ஞாயிறும் அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் இல்லை. திங்கள் கேட்டபோது பக்கத்து வீட்டுக் குழந்தை என்று நினைத்திருக்கிறாள். அன்று கதவருகே போய் நின்றிருக்கிறாள். "அழுது முடிச்சிட்டு, தவமணி அக்கா குரல்ல என்னமோ சொல்லுது. நான் உள்ள போகல. நீங்க வந்து அந்தப் பையை எடுத்துட்டுப் போயிருங்க."

வீட்டுக்காரர் வண்டி ஓட்ட, அடுத்த நாள் அதே நேரத்துக்குப் போனோம். நாங்கள் கிளம்பியிருக்க வேண்டிய புதன்கிழமை அது. செல்வி வாசலோடு நின்றுகொண்டாள். உள்ளறையில் மூன்று பைகளும் நாங்கள் வைத்தபடியே இருந்தன. ஜன்னலில் வெளிச்சம் மங்கியபோது நடுப்பைக்குள்ளிருந்து விம்மல் தொடங்கியது. எனக்குப் பழகிய சத்தம்தான். அது ஏறி, ஓலமாகி, நின்றது. பிறகு பைக்குள்ளிருந்து அக்கா பேசினார், மிக மெதுவாக, காதோடு சொல்வது போல:

"பயப்பிடாதை. அது குருவி. படு."

வீட்டுக்காரர்தான் பையைத் திறந்தார். கம்பளிச் சட்டை, திருநீற்றுப் பை, தேத்தண்ணிப் போத்தல். அடியில் துண்டுக்குள் சுற்றிய பழைய கைபேசி. கணினியில் ஓடிய குருவிச் சத்தத்தை அதில் பதிவு செய்து, கடைசியில் தானும் பேசி, தினமும் பொழுது சாயும் நேரத்துக்கு அலாரமாக வைத்திருக்கிறார். அவ்வளவுதான். செல்விக்கு எடுத்துக் காட்டியதும் அவளுக்கு உயிர் வந்தது. எனக்கு மட்டும் ஒன்று பிடிபடவில்லை. பயப்பிடாதை என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கலாம்; பயந்தவள் நான்தான். ஆனால் படு என்று என்னிடம் ஏன் சொல்கிறார்?

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் தன் நியாயத்தைச் சொன்னார். ஆளே போய்விட்டார், பைக்கு என்ன பயணம். அதை மகனிடம் கொடுத்துவிடு. வேன் காசு போனால் போகிறது. வீட்டுக்குத் திரும்பக் கூடாத பை என்று நான் சொல்லிப் பார்த்தேன். "சாவு வீட்டுப் பையோட காட்டுக்குப் போறது மட்டும் கூடுமா?" என்று கேட்டார். பையைக் காரிலேயே விட்டுவிட்டு, கைபேசியை மட்டும் ரமணனிடம் கொண்டுபோனேன்.

அவன் அம்மாவின் முன்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தான். நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, உங்களுக்குத் தெரியும். கைபேசியை வாங்கி ஓடவிட்டான். ஓலம் முழுவதையும் கேட்டான். அம்மாவின் குரல் வந்ததும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். பிறகு பேசியது தமிழில்.

"காட்டுக்குள்ள ஒவ்வொரு இரவும் ஆரோ அழுவினம், அன்ரி. அம்மா என்ரை காதைப் பொத்திக்கொண்டு இதைத்தான் சொல்லுவா. நான் நம்பினனான். வளந்தாப் பிறகுதான் யோசிச்சன், அது குருவியில்லை எண்டு."

ஒருமுறை அவரிடமே கேட்டிருக்கிறான், அம்மா, அது என்ன குருவி என்று. அவர் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாராம். பிறகு, நாங்கள் வரைபடம் விரிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "ரமணா, அந்தக் குருவி இருக்கு. வடக்கில இருக்கு. நான் போய்க் கேட்டிட்டுச் சொல்லுறன்." அவனுக்கு வேலை நேரம். சரி அம்மா என்று வைத்துவிட்டான்.

இருட்டறையில் அக்கா எதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைக்குச் சொன்ன ஒரு பொய்யை இத்தனை வருஷம் கழித்தாவது உண்மையாக்கிவிட முடியுமா என்று பார்த்திருக்கிறார். அழுகைச் சத்தம் கேட்டு, எழுந்து போய் விளக்கடித்து, அங்கே நிஜமாகவே ஒரு குருவி நிற்பதைப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சப்பாத்தும் கைவிளக்கும்.

பை இப்போது எங்கே என்று ரமணன் கேட்டான். காரில் இருக்கிறது, இந்த வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றேன். காரணத்தையும் சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளை சிரிப்பான் என்று நினைத்தேன். வாசல்வரை போய்க் காரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அப்ப அது போகட்டும். அம்மாவின்ரை இடத்தில நான் வாறன்" என்றான். வீட்டுக்காரரே பையைத் திரும்பவும் டார்னீட்டுக்குக் கொண்டுபோனார். செல்வியும் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு, ஒரு வியாழக்கிழமைக்கு வேனை மாற்றி எழுதியிருக்கிறோம். வியாழனுக்கு வடக்கே சூலம் இல்லை. சாப்பாட்டுக் கணக்கை நான் மாற்றவில்லை. அக்காவுக்கென்று குறித்தது அப்படியே இருக்கிறது. தேத்தண்ணிப் போத்தலை நிரப்புவதும் என் பொறுப்பு. நீங்கள் யாரும் வழியனுப்ப வர வேண்டாம். மறுநாள் மாலைப் பஜனையில் கதவோரத்து இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள்.

அந்தக் கைபேசி என்னிடம் இருக்கிறது. பயணம் கிளம்பும்வரை ரமணன் வைத்திருக்கச் சொன்னான். தினமும் சார்ஜ் போடுகிறேன். நான் சாமி விளக்கை ஏற்றுகிற நேரத்தில் அது அழுது, பிறகு பேசுகிறது. ஒருநாள் சார்ஜ் போட மறந்து, அது உயிரில்லாமல் கிடந்தது. அன்றும் திரியைத் தூண்டும்போது விம்மல் கேட்டது. பின்பக்கத் தோட்டத்திலிருந்து, வேலிக்கு அருகிலிருந்து. இந்தப் பக்கம் அந்தக் குருவி இல்லை என்று எனக்கு அக்காவே சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரருக்குக் கேட்கவில்லை. சத்தம் ஏறி நின்ற பிறகு, எதையோ எதிர்பார்ப்பது போல வீடு அமைதியாக இருந்தது. யாராவது சொல்ல வேண்டுமே என்று, இருட்டைப் பார்த்து நானே சொன்னேன். எங்கள் ஊர்ப் பேச்சில் அது வரவில்லை. அவர் பேச்சிலேயே வந்தது.

"பயப்பிடாதை. அது குருவி."

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். வடக்கே போய், வேனை விட்டு இறங்கி, ரமணன் பக்கத்தில் நிற்கும்போது அதை ஒருமுறை சொல்ல வேண்டும்.