மார்ச் மாதமாகிப்போன தென்னந்தோப்பு

1. நான் ரா. செந்தில்நாதன், துடியலூரில் வசிக்கும் வழக்கறிஞர், முகநூலில் எக்செல் சந்தேகங்களைத் தீர்க்கும் குழுவொன்றின் உறுப்பினர்.

2. தொண்டாமுத்தூர் விவசாயி ஒருவர் இன்று மதியம் அங்கே உதவி கேட்டார். யானை புகுந்த தோட்டங்களின் பட்டியலை ஐந்து மணிக்குள் வனத்துறைக்கு அனுப்ப வேண்டும். அவருடைய சர்வே எண்ணுக்கு மட்டும் ஃபார்முலா பெயரை எடுத்துத் தரவில்லை. பட்டியலில் பெயரில்லையேல் நிவாரணமில்லை.

குழுவின் மேதைகள் பதினோரு ஃபார்முலாக்களைப் பொழிந்தனர். நானறிந்தவரை, ஒருவரும் அவருடைய ஷீட்டைத் திறந்து பார்க்கவில்லை.

நான் திறந்தேன். அவர் அடித்த 12/3 என்ற சர்வே எண்ணை எக்செல் மார்ச் 12 என்று தேதியாக்கியிருந்தது.

"ஏனுங்க வக்கீலய்யா, என்ர தோப்பு எப்படிங்க மார்ச் மாசமாச்சு?"

"அந்தக் கட்டத்த டெக்ஸ்ட்னு மாத்திப்போட்டு, நெம்பர மறுபடி அடிங்க."

"வந்துருச்சுங்க! என்ர பேரு வந்துருச்சுங்க!"

நாலரைக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

3. ஐந்தேகாலுக்குப் பன்னிரண்டாவது ஃபார்முலா வந்தது. அதற்கு இதுவரை நாற்பது லைக்.

ஆட்சேபணை உள்ளவர்கள், ஷீட்டைத் திறந்து பார்த்தபின், கீழே எழுதலாம்.

ஒப்பம்: ரா. செந்தில்நாதன்

சாட்சிகள்: அன்வர் (கோட்டைமேடு), சாந்தாமணி (அவிநாசி). இருவரும் குழுவின் அட்மின்கள்; அனைத்தையும் பார்த்தவர்கள், எதுவும் சொல்லாதவர்கள்.