விரதத்து வாழைப்பழம்

கொரோனா அடங்கிய மறு வருடம் தைப்பூச நடைப்பயணத்துக்கு மாலை போட்டேன். வீட்டுக்காரர் காலமான பிறகு நான் போட்ட முதல் மாலை. பிள்ளைகள் பெங்களூரில். பகலில் ஒருவேளைச் சோறு, இராத்திரிக்கு வாழைப்பழமும் பாலும். ஒருத்திக்காக அடுப்பு மூட்ட வேண்டியதில்லை என்பதும் ஒரு வசதிதான்.

மார்கழியில் தியாகதுருகம் சாலையோரம் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அப்போது எனக்குத் தும்மல் வருவது வழக்கம். அந்த வருடம் வாயும் தொண்டையும் சேர்ந்து அரித்தன. விரதத்தில் ஏதோ குறை, முருகனுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பகல் சோற்றையும் விட்டு, அந்த வேளைக்கும் பழமே தின்றேன். தும்மல் இன்னும் ஜாஸ்தியானது.

பஜனையில் பக்கத்தில் இருந்தவர்கள் பாயோடு தள்ளி உட்கார்ந்தார்கள்.

"அக்கா வந்தா வேட்டே வேணாம், வழியெல்லாம் வெடிச்சிக்கினு வரும்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குருசாமி மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நெனைக்காதம்மா. பூசத்துக்குள்ள தும்மல் நிக்கலன்னா வூட்லயே வெளக்கேத்திக் கும்புட்டுக்கோ. ஜனங்க பயப்படுது."

அந்த நடைப்பயணமும் இல்லையென்றால் நான் யாரோடு பேசுவேன்?

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பார்த்தீனியம் பூக்கும்போது வரும் தும்மலையும் இந்த அரிப்பையும் சொன்னேன். டாக்டரம்மா கேட்டார்: "ராத்திரிக்கு என்ன சாப்பிடுறீங்க?"

"பழந்தாங்க. விரதம்."

"சாப்பிட்டதும் வாய் அரிக்குதா?"

யோசித்துப் பார்த்தேன். ஆமாம், அப்போதுதான் அரித்தது.

"செடிப்பூ ஒத்துக்காத சில பேருக்கு வாழைப்பழமும் ஒத்துக்காதும்மா. விட்டுப் பாருங்க, மாத்திரையும் தர்றேன். வீட்ல யாரும் கவனிக்கலையா?"

"கவனிக்க வூட்ல யாருங்க இருக்காங்க?"

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

அன்று படத்தின் முன் நின்று, "முருகா, பழத்தைத்தான் விடுகிறேன், விரதத்தை இல்லை" என்று சொல்லிவிட்டு, கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினேன். நாலைந்து நாளில் அரிப்பு நின்றது. விடியற்காலைப் பனியில் மட்டும் கொஞ்சம் தும்மல் மிச்சமிருந்தது. "சரி, வாம்மா" என்றார் குருசாமி.

நடந்தேன். எப்படிக் குறைந்தது என்று வழியில் ஒருவரும் கேட்கவில்லை. சன்னதியில் கூட்டம் முதுகில் நெருக்கியது. வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. இராத்திரிகளில் என்ன சாப்பிடுகிறேன் என்றுதான் சாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.