காலியாக விட்ட மேல் படி

என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிய வருஷம், தில்லி கரோல் பாகில் நாங்கள் இருந்த இரண்டு அறை வீட்டை விட்டுவிட்டு அதே தெருவில் ஒரு பர்சாத்திக்கு மாறினோம். பர்சாத்தி என்றால் மொட்டை மாடியில் ஒற்றை அறை, மற்றதெல்லாம் வானம். மகான்கள் ஞானம் வந்து எளிய வாழ்க்கைக்குத் திரும்பினார்களாம். நான் வயிற்றெரிச்சலில் திரும்பினேன். எரிச்சலை மூட்டியவள் என் நாத்தனார்.

அவள் என் கணவருக்கு அக்கா. ஆர்.கே.புரத்தில் சர்க்கார் குவார்ட்டர்ஸ், புருஷன் ஆபீசர், குழந்தை இல்லை. அதற்காக நான் அவளிடம் இரக்கப்பட்ட காலமும் உண்டு. வீடு மாற்றும் அன்று உதவிக்கு வந்தவள், அடுப்பைத் தொடவில்லை, படுக்கையைத் தொடவில்லை. என் கொலுப் பொம்மைப் பெட்டியைத்தான் முதலில் தூக்கினாள்.

“இங்க மழை பெஞ்சா ஒழுகும். மரப்பாச்சி ஊறிப் போயிடும். எங்காத்துல பத்திரமா இருக்கட்டும்.”

அந்த மரப்பாச்சி ஜோடி என் அம்மா என் கல்யாணத்தில் கொடுத்தது. பெண் பொம்மையின் இடது கையில் பல் தடம் இருக்கும். பல் முளைக்கிற வயதில் நான் கடித்தது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நல்ல மனசு என்றுதான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதன்பிறகு சனிக்கிழமை தோறும் வந்தாள். வந்ததும் சமையல் டப்பாக்களைத் திறந்து பார்ப்பாள். “காபிப் பொடி தீந்துடுத்தா? ஐயோ பாவம்” என்பாள். எங்கள் ஏழு வயசுப் பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்து, “எலும்பும் தோலுமா ஆயிட்டாளே” என்பாள். அந்த “ஐயோ பாவம்” எனக்குள் முள்ளாகத் தைத்தது. இவள் பாவம் பார்க்க இந்த வீட்டில் ஒரு பொருளும் மிச்சம் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஃபில்டரைக் கழுவிக் கவிழ்த்துப் பரண் மேல் போட்டேன். காபி தீர்ந்துபோனால்தானே பாவம். நான் வேண்டாம் என்று விட்டுவிட்டால் அவள் என்ன சொல்வாள்? ஃபிரிட்ஜை விற்றுவிட்டு மண்பானை வாங்கினேன். அரிசிச் சோற்றை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டு மற்ற நாட்களில் ரொட்டிக்கு மாறினேன்.

ரொட்டிக்கு மண்ணெண்ணெயையும் செலவழிக்கவில்லை. தெரு முனையில் ரொட்டி சுடுகிற தந்தூர் அடுப்பு ஒன்று இருந்தது. சாயங்காலம் பஞ்சாபிப் பெண்கள் வீட்டிலிருந்து பிசைந்த மாவோடு வந்து, வம்பு பேசிக்கொண்டே சுட்டு எடுத்துப் போவார்கள். நானும் மாவுப் பாத்திரத்தோடு போய் வரிசையில் உட்கார்ந்தேன். முதல் நாள் கூச்சமாக இருந்தது. ஒரு வாரத்தில் அவர்களோடு சேர்ந்து நானும் மாமியார்களைத் திட்டினேன்.

நாத்தனாருக்கு இது தெரிந்தபோது முகம் சுண்டிப் போயிற்று. “தெருவுல உக்காந்து ரொட்டி சுட்டுண்டு வரயா? கண்டவா கை பட்டதையா கொழந்தைக்குக் கொடுக்கறே?”

சூடான ரொட்டியும் சுரைக்காய்த் தோல் துவையலும் தட்டில் வைத்து அவள் முன்னால் நகர்த்தினேன். அவள் தொடவில்லை. என் பெண் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு துணுக்கு விடாமல் தின்றாள்.

அன்றைக்குத்தான் அவள் உள்ளே இருந்தது வெளியே வந்தது. தம்பியைப் பார்த்துச் சொன்னாள்: “விஜயதசமி அன்னிக்கு இவளை எங்காத்துக்குக் கொண்டு வந்து விட்டுடு. பக்கத்து ஸ்கூல்ல பேசியாச்சு. உங்களுக்கு நிலைமை சரியாகற வரைக்கும், ஒரு வருஷம் எங்ககிட்ட வளரட்டும்.”

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அவள் போனபிறகு சண்டை போட்டேன். “ஒரு வருஷம்தானே, கொழந்தை நன்னா சாப்பிடட்டுமே” என்றார். வேலை போன மனிதரை அதற்கு மேல் என்ன சொல்வது? ஆனால் என் பெண்ணைக் கொடுப்பதில்லை என்பதில் நான் கல்லாக இருந்தேன்.

நவராத்திரி வந்தது. பொம்மைப் பெட்டியைக் கேட்டனுப்பினேன். “படியில அடுக்கியாச்சு. அடுக்கின பொம்மையை நடுவுல எடுக்கப்படாது” என்று பதில் வந்தது. சாஸ்திரம் பேசினாள்!

இரண்டாம் நாள் பெண்ணை அழைத்துக்கொண்டு அவள் கொலுவுக்குப் போனேன். மேல் படியில் என் மரப்பாச்சி ஜோடி, புதுப் பட்டுத் துணியோடு நின்றது. குவார்ட்டர்ஸ் மாமிகள் கூடியிருந்தார்கள். அவர்களில் வயதான மாமி ஒருத்தி, கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு, “இதென்ன, கையில பல் தடம் மாதிரி இருக்கே?” என்றாள்.

நாத்தனார் சிரித்தாள். “எங்கம்மா எனக்குக் கொடுத்த பொம்மை, மாமி. கொழந்தையா இருக்கறச்சே நான்தான் கடிச்சேனாம்.” பிறகு என் பெண்ணின் தலையில் கையை வைத்து, “இவளும் இனிமே எங்காத்துப் பொண்ணுதான்” என்றாள்.

பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கிப்போன பொம்மைக்கு என் பல் தடத்தோடு சேர்த்து உரிமை கொண்டாடுகிறவள், ஒரு வருஷம் கழித்து என் பெண்ணையா திருப்பித் தருவாள்? அங்கேயே அவளைக் கிழித்துப் போட்டிருப்பேன். போடவில்லை. குங்குமச் சிமிழை எடுத்து அத்தனை மாமிகளுக்கும் இட்டு, “ஞாயித்துக்கிழமை எங்காத்துக் கொலுவுக்கு அவசியம் வரணும்” என்று அழைத்தேன். நாத்தனாருக்கும் இட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பொம்மையே இல்லாதவள் என்ன கொலு வைப்பாள் என்று நினைத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து, அங்கே நடந்ததை என் கணவரிடம் சொல்லிவிட்டுக் கோதுமை மாவை எடுத்தேன். நிறைய உப்புப் போட்டு இறுக்கிப் பிசைந்தேன். நானும் பெண்ணுமாக உட்கார்ந்து பொம்மை பிடித்தோம். பிள்ளையார், செட்டியார் ஜோடி, எருமை மாடு. பெண் தன் பங்குக்கு ஒரு டி.டி.சி. பஸ் செய்தாள். ரொட்டி சுட்டு முடித்துத் தணல் அடங்கியதும், தந்தூர்க்காரி ஒரு தகரத்தைப் போட்டு அவற்றைக் காயவைத்துக் கொடுத்தாள். செட்டியாரம்மாள் கொஞ்சம் கருகினாள். பஸ் பூரி மாதிரி உப்பிக்கொண்டது. மஞ்சள், குங்குமம், கரித்தூள், பீட்ரூட் சாறு எல்லாம் பூசினோம். டிரங்குப் பெட்டிகளையும் ரேஷன் டின்களையும் படியாக்கி, என் கணவரின் வேட்டியை விரித்தேன். மேல் படியில் மட்டும் ஒன்றும் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமிகள் பஸ் பிடித்து வந்து, மூச்சு வாங்க மாடி ஏறினார்கள். நாத்தனாரும் வந்தாள், வராமலிருக்க வழியில்லை. தந்தூர்ப் பெண்கள் எல்லாரும் வந்து மாடியை நிறைத்திருந்தார்கள். பஸ்ஸைப் பார்த்து மாமிகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் காத்திருந்த கேள்வியை அந்த வயதான மாமியே கேட்டாள்.

“எல்லாம் அழகா இருக்கு. மேல் படி ஏன் காலி?”

“அது மரப்பாச்சியோட எடம், மாமி. எங்கம்மா எனக்குக் கல்யாணத்துல கொடுத்தது. பொண் பொம்மையோட இடது கையில என் பல் தடம் இருக்கும். மழைக்குப் பயந்து அக்கா ஆத்துல பத்திரமா வெச்சிருக்கேன்.”

மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாத்தனாரைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். அவள் சுண்டலைப் பார்த்தாள். வாசற்படியில் நின்ற என் கணவரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் பெண்ணை இழுத்து, தலையில் கையை வைத்தேன். “அக்காவுக்கு எங்க மேல அவ்வளவு கரிசனம். இவளையும் பத்திரமா வெச்சுக்கறேங்கறா. இது எங்காத்துலயே இருக்கட்டும் மாமி.”

என் கணவர் உள்ளே வந்து, “ஆமாம் அக்கா. கொழந்தை இங்கதான் இருப்பா” என்றார். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

விஜயதசமிக்கு மறுநாள் அவள் புருஷன் ஸ்கூட்டரில் வந்து பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். பெண்ணைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது. ஒன்றரை வருஷத்தில் என் கணவருக்கு வேறு வேலை கிடைத்து, நாங்கள் நல்ல வீட்டுக்குப் போனோம். ஃபில்டரைப் பரணிலிருந்து நான் இறக்கவே இல்லை. தந்தூருக்குப் போவதையும் விடவில்லை.

அந்த மரப்பாச்சியை வருஷா வருஷம் மேல் படியில் வைக்கிறேன். ஒரு நாள் தவிர. தம்பி வீட்டுக் கொலுவுக்கு வராமலிருந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்று நாத்தனார் தவறாமல் வருவாள். அன்று காலையில், அடுக்கின பொம்மையை எடுக்கப்படாது என்ற சாஸ்திரத்தை மீறி, இரண்டையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். “இன்னுமாம்மா?” என்று என் பெண் கேட்பாள். அவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தாயிற்று.

நாத்தனார் வந்து உட்கார்ந்து, காலியாக இருக்கும் மேல் படியைப் பார்ப்பாள். நான் அவளுக்குச் சுண்டல் கொடுப்பேன்.